காந்தி வீதி ஞாயிறு சந்தையின் பழைய புத்தகங்கள்: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி காந்தி வீதியின் நடைபாதை துணி, செருப்பு, பெல்ட், செல்போன் உறை, பிளாஸ்டிக் சாமான் என்று நிரம்பிவிடும். அவற்றுக்கு இடையில் ஆங்காங்கே தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகங்களைக் கொட்டியிருப்பார்கள். இந்த மதிப்புரை அந்தத் தார்ப்பாய்களுக்கு மட்டும். சட்டை எடுக்க வருகிறவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் பட்டியலோடு போகிறவருக்கு இந்த இடம் வீண். குறிப்பிட்ட ஒரு நாவல் வேண்டுமென்றால் புத்தகக் கடையோ இணையமோ போதும். பட்டியல் இல்லாமல், ஒரு மணி நேரப் பொறுமையும் இருநூறு ரூபாய்ச் சில்லறையுமாகப் போகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. காரணம், இங்கே யாரும் எதையும் வகை பிரிப்பதில்லை. கடைக்குப் போனால் நமக்குப் பழகிய அலமாரிக்கு நேரே போய்விடுகிறோம். இணையக் கடையோ போன மாதம் வாங்கியதன் சாயலிலேயே இன்னொன்றை நீட்டும். தார்ப்பாயில் சித்த மருத்துவக் கையேட்டின் மேல் டீசல் இன்ஜின் பழுதுபார்க்கும் புத்தகம் கிடக்கும், அதன் அடியில் பிரெஞ்சு இலக்கணம் இருக்கும். தேடிப் போகாத ஒன்று கண்ணில் படுவதற்கு இந்த ஒழுங்கின்மைதான் வழி.

குவியலில் பெரும்பகுதி குப்பை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாடத்திட்டம் மாறிப்போன கைடுகள், காலாவதியான போட்டித் தேர்வுப் புத்தகங்கள், விண்டோஸ் 98 கற்றுத்தரும் தடித்த தொகுதிகள். கண்ணால் இவற்றைத் தள்ளிவிடப் பழகினால், பார்க்க வேண்டியது கால்வாசிதான் மிஞ்சும்.

பழைய புத்தகங்கள் நடைபாதைக்கு வரும் வழியைப் புரிந்துகொண்டால் தேடுவது எளிது. பெரும்பாலும் ஒரு வீட்டைக் காலி செய்யும்போது மொத்தமாக எடைக்குப் போட்டவை அவை. ஆகவே ஒரே வீட்டுப் புத்தகங்கள் ஒரே மூட்டையில் வந்து, ஒரே இடத்தில் கொட்டப்படும். ஒரு நல்ல புத்தகம் அகப்பட்டால் அதன் முதல் பக்கத்தில் இருக்கும் கையெழுத்தையோ ரப்பர் ஸ்டாம்பையோ மனத்தில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் இரண்டு கை தூரத்துக்குள் அதே கையெழுத்தைத் தேடுங்கள். முகம் தெரியாத ஒருவருடைய அலமாரி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவரும். தச்சு வேலையும் மண்டலின் பாடமும் ஒருவருக்கே பிடித்திருந்தது என்று தெரிவது, அந்தப் புத்தகங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் கிடைக்காத செய்தி.

வேறு ஊர் நடைபாதைகளில் அரிதாகவும் இங்கே அடிக்கடியும் கிடைப்பவை பிரெஞ்சுப் புத்தகங்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களின் வீடுகளிலிருந்தும், 1826 முதல் இயங்கும் லிசே பிரான்சே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களிடமிருந்தும் பள்ளிப் பாடநூல், அகராதி, கதைப் புத்தகம் என்று வெளியே வருகின்றன. மொழி தெரியாதவர்களும் இவற்றைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். பிரெஞ்சுப் பதிப்பாளர்கள் முதுகுத் தலைப்பைக் கீழிருந்து மேலாக அச்சிடுவார்கள், ஆங்கிலப் புத்தகங்களில் மேலிருந்து கீழாக இருக்கும். அடுக்கி நிறுத்திய வரிசையில் எதைப் படிக்கத் தலையை இடப்பக்கம் சாய்க்க வேண்டியிருக்கிறதோ அது பெரும்பாலும் பிரெஞ்சு. பொருளடக்கம் கடைசியில் இருக்கும், அச்சான ஆண்டும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ‘தெப்போ லெகால்’ (dépôt légal) என்ற சொற்களுக்கு அருகில்தான் இருக்கும். ஆகவே பிரெஞ்சுப் புத்தகத்தில் கடைசித் தாள் கிழிந்திருந்தால் இழப்பு இரட்டிப்பு. லரூஸ் சிற்றகராதி கிடைத்தால், சொற்பகுதிக்கும் பெயர்ப்பகுதிக்கும் நடுவில் இலத்தீன் தொடர்கள் அடங்கிய ரோஜா நிறப் பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா பாருங்கள். அழகாக இருப்பதால் கிழித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

இன்னொரு விசேஷம், மடிப்பு வெட்டாத பக்கங்கள். போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் பல பிரெஞ்சுப் புத்தகங்கள் தாள் மடிப்பை வெட்டாமலே விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் தானே கத்தியால் பிரித்துப் படிக்க வேண்டும். நாற்பதாம் பக்கம் வரை பிரிந்து, அதற்கு மேல் ஒட்டியே இருந்தால் முந்தைய வாசகர் எங்கே கைவிட்டார் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். இவற்றை விரலால் பிரிக்காதீர்கள், தாள் ஓரம் சிதைந்து உள்ளே வரை கிழியும். பிளேடும் வேண்டாம், அது மடிப்பை விட்டு எழுத்துக்குள் ஓடும். வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தியை மடிப்புக்குள் படுக்கவைத்து, மெல்ல முன்னே தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

அரவிந்தர் ஆசிரம வெளியீடுகளும் நிறைய வரும். உள்ளடக்கம் அவரவர் விருப்பம். பழைய பதிப்புகள் பெரும்பாலும் நூலால் தைத்தவை, தாளும் நன்றாக இருக்கும் என்பதால் எடுத்துப் பார்க்கத் தகுந்தவை. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் வெளியிட்ட தமிழ்ப் புத்தகங்களுக்கும் இது பொருந்தும். 1991க்குப் பிறகு அவை வருவது நின்றுவிட்டதால், நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் யோசிக்க வேண்டாம்.

இனி, கையில் எடுத்த புத்தகத்தை எப்படிச் சோதிப்பது. இதில் அவசரப்படுகிறவர்கள்தான் வீட்டுக்குப் போய் வருத்தப்படுகிறார்கள்.

முதலில் மோந்து பாருங்கள். பழைய தாளின் இனிப்பு வாடை வேறு, பூஞ்சை வாடை வேறு. ஈரச் சாக்கு போல நாறினால் அப்படியே வைத்துவிடுங்கள். பக்கங்களில் சிதறிக் கிடக்கும் பழுப்புப் புள்ளிகள் பார்க்க அசிங்கமே தவிர அவசர ஆபத்து இல்லை. தொட்டால் கையில் ஒட்டும் சாம்பல் அல்லது பச்சைப் பொடி இருந்தால் அது உயிருள்ள பூஞ்சை, ஒரே வாரத்தில் பக்கத்துப் புத்தகத்துக்கும் தாவும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் குவியலைக் கிளறவே கூடாது.

அடுத்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் புத்தகத்தின் முதுகை இரண்டு தட்டுத் தட்டுங்கள். மாவு போல மெல்லிய தூள் கொட்டினால் உள்ளே துளைக்கும் புழு இன்னும் வேலை செய்கிறது. ஓட்டை மட்டும் இருந்து தூள் விழவில்லையென்றால் பழைய சேதமாக இருக்க வாய்ப்பு அதிகம், வாங்கலாம். இராமபாணப் பூச்சி துளைப்பதைவிட மேலாகச் சுரண்டுவதே வழக்கம். அட்டையும் பசை தடவிய இடமும்தான் அதற்குப் பிடித்தமானவை.

மூன்றாவது, பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்பது. ஒவ்வொரு பக்கமாக எண்ண வேண்டியதில்லை. தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாக அச்சாகி மடிக்கப்படுகின்றன. பக்கம் விடுபட்டால் ஒரு ஃபாரம் அப்படியே விடுபடும். ஆகவே 16–17, 32–33, 48–49, 64–65 என்று சந்திப்புகளை மட்டும் புரட்டிப் பாருங்கள். பைண்டிங்கில் நடக்கும் இன்னொரு குளறுபடி, 33 முதல் 48 வரை இரண்டு முறை வந்து, 49 முதல் 64 வரை காணாமல் போவது. மொத்தப் பக்கக் கணக்கும் கனமும் சரியாக இருப்பதால் இது எளிதில் கண்ணில் படாது. துப்பறியும் கதைகளுக்குக் கடைசி ஃபாரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

நான்காவது, கட்டு. புத்தகத்தை நடுவில் திறந்து முதுகின் உட்புறத்தைப் பாருங்கள். நூல் தெரிந்தால் நல்லது. வெறும் பசை மட்டும் என்றால், அது காய்ந்து கண்ணாடி போல ஆகியிருக்கும், நன்றாக விரித்தவுடன் ‘டக்’கென்று பிளந்து இதழ் இதழாக உதிரும். பக்கவாட்டில் கம்பி அடித்த சிறு வெளியீடுகளைக் கடற்காற்று விட்டுவைப்பதில்லை. கம்பி துருப்பிடித்து, துரு தாளைத் தின்று, கம்பி இருந்த இடத்தில் ஓட்டை விழும். உள்ளே எழுத்து நன்றாக இருந்தால் வாங்கலாம். பின்பக்கத்திலிருந்து கம்பியின் கால்களை மெல்லிய கத்தியால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிட முடியும்.

வழுவழுப்பான ஆர்ட் தாளில் அச்சான புகைப்பட, ஓவியப் புத்தகங்களுக்கு விதி கடுமையானது. ஒருமுறை நனைந்து காய்ந்திருந்தால், மேற்பூச்சு கரைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று இறுகியிருக்கும். பிரித்தால் படம் உரிந்து வரும், எந்த வைத்தியமும் பலிக்காது. கீழ் ஓரத்தில் அலை அலையாகப் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தானே, ஃபெஞ்சல் போன்ற புயல்களைக் கண்ட கரை இது, வெள்ளக்கோடு போட்ட புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. சாதாரணத் தாள் புத்தகத்தில் அந்தக் கோடு வெறும் தழும்புதான், பக்கங்கள் தனித்தனியாகப் புரண்டால் தாராளமாக வாங்கலாம்.

எந்தக் காலத்துப் புத்தகம் என்று கண்டுபிடிப்பதில்தான் இந்த நடைபாதையின் உண்மையான சுவை இருக்கிறது. பதிப்பாண்டுப் பக்கம் கிழிந்துபோயிருந்தாலும் வழி உண்டு. விலை அணாவில் இருந்தால் தசம நாணயம் வந்த 1957க்கு முந்தியது, அல்லது அதை ஒட்டியது. ‘ந. பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. பதிப்பாளர் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. லை, னை, ணை ஆகிய எழுத்துகள் தும்பிக்கைக் கொம்போடு பழைய வடிவத்தில் இருந்தால், 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன்போ, பழைய அச்செழுத்துகளை உடனே மாற்றாத அச்சகங்களில் அதற்குச் சில ஆண்டுகள் பின்போ அச்சானது. ஸ்டாம்புகளும் பேசும். ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்று முத்திரை இருந்தால் கடலூரும் விழுப்புரமும் பிரிந்த 1993க்கு முன் குத்தியது என்று கொள்ளலாம். ‘பாண்டிச்சேரி’ அதிகாரப்பூர்வமாகப் ‘புதுச்சேரி’ ஆனது 2006இல். இதில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ரப்பர் ஸ்டாம்பை யாரும் உடனே மாற்றுவதில்லை. பெயர் மாறிப் பத்து வருடம் கழித்தும் பழைய முத்திரையே விழுந்துகொண்டிருக்கும்.

நூலக முத்திரை இருந்தால் கூடவே நீக்கம் செய்த முத்திரையோ தள்ளுபடிக் குறிப்போ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். அது யாரோ திருப்பித் தராத புத்தகம்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து வீட்டார் பைண்ட் செய்துவைத்த தொகுதிகள்தான் இந்தச் சந்தையில் கிடைப்பவற்றில் ஆகச் சிறந்தவை என்பது எங்கள் கட்சி. கதை தனிப் புத்தகமாகவும் கிடைக்கலாம். ஆனால் அந்த வாரத்து ஓவியம், பக்கத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டு வந்த துணுக்கு, பின்பக்கத்துத் தலைவலி மாத்திரை விளம்பரம், ஓரத்தில் பென்சிலால் எழுதிய ‘அடுத்த வாரம் இல்லை’ எல்லாம் சேர்ந்து வருவது இதில் மட்டும்தான். மூன்று குறைகளைப் பார்த்து வாங்குங்கள். அத்தியாய எண் தொடர்ச்சியாக இருக்கிறதா, ஏனென்றால் இரவல் போன இதழ் திரும்பி வராமல் ஒரு வாரம் காணாமல் போயிருக்கும். பைண்டர் ஓரம் வெட்டும்போது எழுத்தையும் சேர்த்து வெட்டிவிட்டாரா. தையல் உள்பக்கத்துப் பத்தியை விழுங்கியிருக்கிறதா. மூன்றும் தேறினால், பேரம் கூடப் பேச வேண்டாம்.

பழைய சமையல் புத்தகம், தையற்கலை, தோட்டக்கலை, ரயில் கால அட்டவணை, பஞ்சாங்கம் போன்றவற்றை இலக்கியம் தேடுகிறவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கக்கூடாது. அன்றாடத்தை அப்படியே பிடித்துவைத்தவை அவைதான். சமையல் புத்தகத்தை வெறுமனே வைத்துப் பார்க்காமல் பயன்படுத்தவும் முடியும், அளவைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம், ஒரு வீசை 40 பலம், அதாவது 1.4 கிலோ. ஓர் ஆழாக்கு சுமார் 168 மில்லி, உழக்கு அதைப்போல் இரண்டு, படி எட்டு ஆழாக்கு. ஊருக்கு ஊர் படி மாறும் என்பதால் விகிதத்தை நம்புங்கள், முழு அளவை நம்பாதீர்கள். உப்பை மட்டும் பாதியாகப் போட்டு ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

புத்தகத்துக்குள் கிடைப்பவை தனிக் கணக்கு. பேருந்துச் சீட்டு, காய்ந்த அரசிலை, விபூதிப் பொட்டலம், மயிலிறகு, பள்ளி ஆண்டுவிழாப் பரிசுச் சீட்டு, ‘திருமண நாள் நினைவாக’ என்று தொடங்கும் கையெழுத்து. இவற்றை அந்தப் பக்கத்திலேயே விட்டுவைப்பது நல்லது. பக்க எண்ணைப் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் குறித்து உள்ளே வையுங்கள். இலை, பூ இருந்தால் மட்டும் எடுத்துத் தனி உறையில் போடுங்கள், அவை தாளைக் கறையாக்கும், பூச்சியையும் கூப்பிடும். இன்லாண்ட் கடிதம் கிடைத்தால் பெயரும் முகவரியும் தெரியப் படம் எடுத்துச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். எழுதியவரின் பேத்தி அடுத்த தெருவில் இருக்கலாம்.

எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு ஒரு சோதனை. பின்னட்டையைப் படிக்காதீர்கள், முன்னுரையையும் படிக்காதீர்கள். ஐம்பதாம் பக்கத்தை ஒட்டி எங்காவது திறந்து, நின்றபடியே ஒரு பக்கம் படியுங்கள். தாளைத் திருப்ப வேண்டும் என்று தோன்றினால் எடுங்கள். ஒரு நடைக்கு மூன்று புத்தகத்துக்கு மேல் வேண்டாம். நான்காவது புத்தகம் வீட்டில் தூசி சேர்க்கத்தான் வரும். மூன்றில் ஒன்று உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத துறையாக இருக்கட்டும். படிக்கும்போது நின்ற வாக்கியம் ஒன்றை 40 பக்க நோட்டில் கையால் எடுத்தெழுதி, பக்கத்தில் தேதியும் புத்தகப் பெயரும் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். பத்து வாக்கியம் எழுத ஆரம்பித்தால் அது பரீட்சைக் குறிப்பாகி, பாதியில் நிற்கும்.

விலை கேட்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வேண்டிய புத்தகத்தை மட்டும் நீட்டி விலை கேட்டால் அதற்குத் தனி விலை விழும். இரண்டு மூன்றைச் சேர்த்து நீட்டி, “அண்ணே, மூணும் சேத்து என்ன?” என்று கேட்டால் கணக்கே வேறு. இப்போதும் அச்சில் இருக்கும் புத்தகத்துக்கு அட்டை விலையில் பாதிக்கு மேல் கொடுப்பது நியாயமில்லை. அச்சில் இல்லாததற்கு, அது உங்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. எழுத்து மங்கி, வரி சாய்ந்து, தாள் மெலிந்து, அட்டை மட்டும் பளபளக்கும் ‘புது’ ஆங்கில நாவல்கள் எந்த நடைபாதையில் இருந்தாலும் அவை திருட்டு அச்சு, தொடாதீர்கள். அரிது என்று யாராவது அடித்துச் சொன்னால், வாங்கும் முன் செல்போனில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டு கடந்த பல பழைய நூல்கள் அங்கே முழுதாகப் படிக்கக் கிடைக்கின்றன. அச்சுப் பிரதிதான் வேண்டுமென்றால், 1827இல் தொடங்கிய ரோமன் ரோலன் பொது நூலகம் இதே ஊரில்தான் இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். காய்ந்த மென்மையான பெயிண்ட் பிரஷால், முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. பூச்சிச் சந்தேகம் இருந்தால் பாலித்தீன் உறையில் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக ஒட்டி, மைனஸ் 18 டிகிரி போகும் ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது. வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்காமல் வைக்க வேண்டும். உடனே பிரித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த தாளின் மேல் வியர்த்து நிற்கும், பூச்சியைக் கொன்று பூஞ்சையை வளர்த்த கதையாகிவிடும். தோல் அட்டைக்கும் புகைப்பட ஆல்பத்துக்கும் இந்த முறை வேண்டாம். லேசான ஈரத்துக்கு வெயிலில் போடாதீர்கள், அட்டை வளையும், தாள் பழுக்கும். நிழலில் விசிறிக்கு எதிரே நிறுத்தி, இருபது பக்கத்துக்கு ஒரு மை இல்லாத வெள்ளைத் தாளைச் செருகுங்கள்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவதைவிடக் கிழிசலாகவே விடுவது மேல். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்து, பசை மட்டும் மஞ்சள் பட்டையாக நிற்கும். ஒரு கரண்டி மைதாவுக்கு ஐந்து கரண்டி தண்ணீர், சிறு தீயில் கிளறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி ஆறவிட்டால் பசை தயார். பைண்டர்கள் பூச்சிக்கு மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், தாளையும் கறையாக்கும், வீட்டில் வேண்டாம். மெல்லிய டிஷ்யூத் தாளின் ஓரத்தைக் கையால் கிழித்து, பசை தொட்டு ஒட்டி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் வைத்துப் பளுவின் கீழ் ஒரு ராத்திரி வையுங்கள். பசை இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, கொஞ்சமாகக் கிண்டுங்கள்.

சந்தையின் குறைகள்: உட்கார இடமில்லை, ரசீது இல்லை, மாலையில் நெரிசலில் குனியவே முடியாது, வண்டி நிறுத்துவது பெரும்பாடு. கடலூரிலிருந்து வருகிறவர்கள் பேருந்தில் வந்து, நிலையத்திலிருந்து டெம்போ பிடிப்பது உத்தமம். காலையில் மூட்டை பிரிக்கும் நேரம்தான் சிறந்தது. வெயில் ஏறிவிட்டால் படிப்பவருக்கும் சிரமம், தாளுக்கும் கேடு.

ஐப்பசி கார்த்திகையில் வருவதானால் துணிப்பையோடு பெரிய பாலித்தீன் உறை ஒன்றும் கொண்டுவாருங்கள். பெருமழை பெய்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு மட்டும் எதையும் வாங்க வேண்டாம், மேலே காய்ந்தும் முதுகில் ஈரமுமாக இருக்கும். தூறல் விழ ஆரம்பித்தால் தார்ப்பாயின் நான்கு மூலைகளும் ஒரே நொடியில் மேலே போய்விடும். கையில் இருக்கும் புத்தகத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்காமல், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நகருங்கள்.